சூரியகாந்தி வயலைத் தீட்டப் போகும் தங்கைக்கு

சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரம் போனால் வயல் வயலாகச் சூரியகாந்தி பூத்து நிற்கும். அதை ஆயில் கலரில் தீட்ட ஆசைப்படுகிறாயா? அக்கா சொல்வதைக் கேட்டுக்கொள். ஒவ்வொரு பூவாக வரைய உட்காராதே, வயலைத் தீட்டு. இதழ் எண்ண ஆரம்பித்தால் காற்றும் வெயிலும் படத்தை விட்டுப் போய்விடும்.

நிற்கும் இடம் முக்கியம். நன்றாக மலர்ந்த சூரியகாந்தி வெயிலோடு திரும்பாது, கிழக்கு பார்த்தே நிற்கும். அதனால் காலையில் வயலின் கிழக்கு ஓரத்தில் நில். பூவின் முகமும் அதற்குப் பின்னால் மலையும் சேர்ந்து கிடைக்கும்.

வெள்ளைக் கேன்வாஸில் மஞ்சளின் அளவு கண்ணுக்குப் பிடிபடாது. பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, துணியால் முழுக்கத் தேய்த்துவிடு. வானம், மலை, வயல் என்று பெரிதாகப் பிரித்துக்கொள். வயலுக்குத் தாராளமாக இடம் கொடு.

மஞ்சள் ட்யூபை இப்போதே திறக்காதே! முதலில் வர வேண்டியது இலைகளுக்கு இடையே இருக்கும் இருட்டு. அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னாவும் துளி மஞ்சளும் சேர்த்தால் அந்த அடர்பச்சை வரும். கடைப் பச்சையை அப்படியே பூசினால் வயல் பிளாஸ்டிக் போலிருக்கும். இந்த இருட்டை மெல்லிசாகப் பூசு. மேலே வரும் பூச்சுகளில் எண்ணெய் கூடிக்கொண்டே போகட்டும். தலைகீழாகச் செய்தால் காய்ந்த பிறகு வெடிப்பு விடும்.

இனி மஞ்சள். பன்றிமுடித் தட்டை பிரஷில் கலரை நிறைய அள்ளு. வை, எடு, துணியில் துடை. வைத்த தீற்றலை மறுபடி தொடாதே. தொட்டால் அடியிலுள்ள ஈரப் பச்சை ஏறி மஞ்சள் கலங்கிவிடும். படத்துக்கு உயிர் தருவது இந்தத் துணிச்சல்தான் என்பேன். செடிக்குக் கீழிருந்து மேலாக, மலைக்குச் சரிவாக, தூரத்து வயலுக்குக் கிடையாகத் தீற்று. முன்னால் நாலைந்து பூவுக்கு மட்டும் முகம் போதும், நடுவில் வெறும் புள்ளிகள், கடைசியில் கொஞ்சம் வெள்ளையும் நீலமும் கலந்த மங்கலான மஞ்சள் பட்டை. மோனே 1873இல் தீட்டிய பாப்பி வயலைப் பார். முன்னாலிருக்கும் பூக்களே சிவப்புத் திட்டுகள்தாம்.

மஞ்சளின் நிழலுக்குக் கறுப்பு கலக்காதே, பச்சையடிக்கும். யெல்லோ ஆக்கரும் சியன்னாவும் போதும்.

ட்யூப் வாங்கும்போது வெளிச்சத்தில் மங்காத கலரா என்று பார்த்து வாங்கு. வான்கா 1889இல் தீட்டிய ஐரிஸ் பூக்கள் அன்று ஊதா. கலந்திருந்த சிவப்பு மங்கிப்போய், இன்று நீலமாகத் தெரிகின்றன.

தடித்த பூச்சு உள்ளே காய மாதக்கணக்காகும். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறு.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதே. அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி, துணியை அதில் அமிழ்த்தி மூடி வை. வேலை முடிந்ததும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், இதைச் செய்துவிட்டுத் தூங்கப் போ.