வாளும் தராசும் ஏந்திய சிராவகர்

போர்வீரனும் வணிகனும் அகிம்சை விரதம் காத்தல் கூடுமோ என இளைஞர் சிலர் வினவுவதுண்டு. கூடும் என்பதே விடை.

இல்லறத்தார்க்கு இம்சையை நான்காக வகுத்துக் கற்பிப்பது நம் மரபு. கொல்லும் கருத்தோடு செய்வது சங்கல்பி. சமையல் முதலிய வீட்டுப் பணிகளில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்யோகி. தாக்க வந்தோரைத் தடுக்குங்கால் நேர்வது விரோதி. முதலாவதை நாம் அறவே துறத்தல் வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்தல் வேண்டும். மேலும், பொய்நிறை, கலப்படம், களவுப்பொருள் வாங்கல் ஆகியவை வணிகனின் கள்ளாமை விரதத்திற்குக் குற்றங்களாம்.

இந்நெறியில் நின்ற இல்லறத்தாருள் ஒருவர், 13ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த வஸ்துபாலர். பிராக்வாட வணிகக் குலத்தில் தோன்றிய அவர், தோல்காவில் வாகேலா வீரதவளனுக்கு அமைச்சரானார். காம்பாத் துறைமுகத்தை நிர்வகித்து, அதனைக் கவர வந்த சங்கனைப் போரில் வென்றார். அரச புரோகிதரான சோமேசுவரர் வேதநெறியினராயினும், அவரைப் புகழ்ந்து 'கீர்த்திகௌமுதி' என்னும் காவியம் இயற்றினார்.

அரச பணி அக்குடும்பத்தின் பாசத்தைக் குறைக்கவில்லை. தம்பி தேஜபாலர் தம் மனைவி அனுபமாதேவி, மகன் லாவண்யசிம்மன் ஆகியோரின் புண்ணியம் கருதி, 1231இல் ஆபு மலையில் நேமிநாதருக்கு வெண்பளிங்கு ஜினாலயம் எழுப்பினார். அதன் யானை மண்டபத்தில் குடும்பத்தார் உருவங்களை இன்றும் காணலாம்.

வீரமும் பொருளும் குற்றமல்ல, அளவின்மையே குற்றம். ஆதலின் மாலைப் பிரதிக்கிரமணத்தில் நாம் ஒவ்வொருவரும் நம்மையே வினவுவோம்: இன்று வீட்டிலும் கடையிலும் நாம் தவிர்த்திருக்கக்கூடிய இம்சை யாது?