‘சர்வர் ஸ்லோ’ என்றால் எங்கே ஸ்லோ? உங்கள் விண்ணப்பம் போகும் வழியும் அதிலுள்ள இணைப்புகளும்

நெட்டுக்குப்பத்தில் இருந்து மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக சாதிச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய சான்றிதழ், ஆதார், போட்டோ எல்லாவற்றையும் ஏற்றியாச்சு. பச்சைக் கோடு நூறு சதவீதம் காட்டுது. ‘சமர்ப்பி’ பொத்தானைத் தொட்டீங்க. அதோட ஒரு வட்டம் சுத்த ஆரம்பிச்சது, சுத்திக்கிட்டே இருக்கு. கடைசி நாள் நாளைக்கு. இப்ப என்ன செய்வீங்க? நிறைய பேர் செய்வது, பொத்தானை மறுபடி அழுத்துவது. கட்டணம் இரண்டு தடவை போவதும், ஒரே ஆளுக்கு இரண்டு விண்ணப்பம் விழுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இ-சேவை மையத்துக்குப் போனாலும் ‘சர்வர் ஸ்லோ, கொஞ்சம் உட்காருங்க’ என்றுதான் பதில் வரும். சர்வர் மேல் பழி போடுவது சுலபம். ஆனால் உங்கள் விண்ணப்பம் சர்வரைத் தொடுவதற்கு முன் பல இணைப்புகளைத் தாண்டுகிறது. எந்த இணைப்பு எந்த நிலையில் நிற்கிறது என்பது தெரிந்தால், மறுபடி அழுத்தலாமா கூடாதா என்பதும் தெரிந்துவிடும்.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில், ஊரின் வடகோடியில் இருக்கிறது நெட்டுக்குப்பம். தமிழ்நாடு மாநிலத் தரவு மையம் தெற்கே பெருங்குடியில், எல்காட் வளாகத்தில். சென்னையையும் மாவட்ட, வட்ட, ஒன்றிய அலுவலகங்களையும் இணைப்பது தமிழ்நாடு மாநில விரிபரப்பு வலையமைப்பு. அலுவலகங்களில் ‘டிஎன்ஸ்வான்’ என்பார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இப்படி ஒரு வலை வேண்டும் என்ற திட்டத்துக்கு மத்திய அரசு 2005 மார்ச்சில் ஒப்புதல் தந்தது. அப்போது வைத்த குறைந்தபட்ச அளவு, நொடிக்கு 2 மெகாபிட்.

அது எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் போனில் எடுத்த ஒரு படம் 4 மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட், ஆக 32 மெகாபிட். 2 மெகாபிட் லைனில் 16 நொடி. அதே லைனில் பத்து கவுண்டரில் பத்து பேர் ஒரே நேரத்தில் ஏற்றினால் 160 நொடி, கிட்டத்தட்ட இரண்டே முக்கால் நிமிஷம். அதே ஆவணத்தை 200 கிலோபைட்டுக்குச் சுருக்கியிருந்தால் ஒரு நொடிகூட ஆகாது. இன்றைய லைன்கள் இதைவிட அகலமானவை. கணக்கு மட்டும் மாறவில்லை. அதனால்தான் ‘200 கேபி-க்குள்’ என்று போர்ட்டல் கேட்கிறது. அது தொந்தரவுக்காக வைத்த விதி இல்லை.

அகலம் ஒரு பிரச்சனை என்றால் தூரம் இன்னொன்று. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். போய்வர குறைந்தது 7 மில்லிநொடி. ஒரு தடவைக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பக்கத்தைத் திறக்க மென்பொருள் சர்வரிடம் நானூறு சின்னச் சின்னக் கேள்வி கேட்டால்? வழியில் உள்ள கருவிகளின் தாமதமும் சேர்ந்து ஒரு கேள்விக்கு 30 மில்லிநொடி என்று வைத்தால், மொத்தம் 12 நொடி. லைனை எவ்வளவு அகலமாக்கினாலும் இந்த 12 நொடி குறையாது.

இந்த இரண்டு தொல்லைக்கும் மருந்தாக வந்ததுதான் ‘வான் ஆப்டிமைசர்’ என்ற கருவி. ரிவர்பெட் நிறுவனத்தின் ஸ்டீல்ஹெட், சிஸ்கோவின் வாஸ் என்று பல பெயரில் வந்திருக்கின்றன. பல கிளைகள் உள்ள வங்கிகள், பெரிய கம்பெனிகள், அரசுத் துறைகள் போன்றவற்றுக்காகச் செய்யப்பட்டவை. ஒன்றை மட்டும் வாங்கி வைத்துப் பயனில்லை. கிளை அலுவலகத்தில் ஒன்று, தரவு மையத்தில் ஒன்று என்று ஜோடியாக இருக்க வேண்டும்.

மளிகைக் கடைக்கு மாசாமாசம் முழுப் பட்டியலும் எழுதித் தருவோமா? ‘போன மாசம் மாதிரியே, எண்ணெய் மட்டும் ரெண்டு லிட்டர் கூட’ என்றால் கடைக்காரருக்குப் புரியும், ஏனென்றால் பழைய பட்டியல் அவரிடமும் இருக்கிறது. இந்த ஜோடியும் அதைத்தான் செய்கிறது. ஒருமுறை போன தரவை இரண்டு கருவிகளும் நினைவில் வைத்துக்கொள்ளும். அதே படிவம், அதே முத்திரைப் படம் மறுபடி வந்தால் முழுதாக அனுப்பாமல் ஒரு சின்னக் குறியீட்டை மட்டும் அனுப்பும். அந்தப் பக்கக் கருவி அதை முழுதாக்கிக் கொடுத்துவிடும்.

இதற்காக, ஒரே இணைப்பு போல நமக்குத் தெரிவதை அந்தக் கருவிகள் மூன்று துண்டாக்குகின்றன. கம்ப்யூட்டரில் இருந்து இந்தப் பக்கக் கருவி வரை ஒன்று. இரண்டு கருவிகளுக்கும் நடுவே, நீண்ட லைனில், இன்னொன்று. அந்தப் பக்கக் கருவியில் இருந்து சர்வர் வரை மூன்றாவது. கருவியின் திரையில் ‘ஆப்டிமைஸ்டு’ என்று காட்டும் ஒவ்வொரு இணைப்பும் உள்ளே இப்படி மூன்றுதான்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர் ஓரளவு பொட்டலங்களை அனுப்பிவிட்டு, அவற்றுக்கு ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புகை வந்தால்தான் மேற்கொண்டு அனுப்பும். சர்வரிடமிருந்து வரும்வரை காத்திருந்தால் நேரமாகும் என்று, பக்கத்தில் உள்ள கருவியே அந்த ஒப்புகையைக் கொடுத்துவிடுகிறது. வேகம் கூடுகிறது, சரி. ஆனால் பச்சைக் கோடு நூறு காட்டும்போது ஆவணம் பக்கத்து அறையில் உள்ள பெட்டி வரைக்கும்தான் போயிருக்கலாம். நீண்ட லைனை இன்னும் தாண்டியிருக்காது. நூறு சதவீதம் என்பது ‘என் கையைவிட்டுப் போயிடுச்சு’ என்பதற்குத்தான் சாட்சி. அங்கே சேர்ந்தது என்பதற்கு சாட்சி, சர்வர் தரும் விண்ணப்ப எண் ஒன்றுதான்.

எல்லா இணைப்பும் இப்படிச் சுருக்கப்படுவதில்லை. அப்படியே விட்டுவிடும் இணைப்புக்கு ‘பாஸ்-த்ரூ’ என்று பெயர். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். சீல் வைத்த பெட்டியை வழியில் யாரும் பிரித்து அடுக்க முடியாது. பூட்டுக் குறியுடன் வரும் எச்டிடிபிஎஸ் பக்கங்கள் அந்த மாதிரி. சர்வருக்குரிய சான்றும் சாவியும் கருவியிடம் முறையாகக் கொடுக்கப்பட்டிருந்தால் ஒழிய, உள்ளே இருப்பதை அது பார்க்க முடியாது, சுருக்கவும் முடியாது. இது தெரிந்தே விடுவது. தெரியாமல் விடுவதும் உண்டு: எதிர்ப்பக்கத்தில் ஜோடிக் கருவி பதில் தராவிட்டால், கருவியின் கொள்ளளவு நிரம்பிவிட்டால், போகும் வழி ஒன்றும் திரும்பும் வழி வேறொன்றுமாக அமைந்துவிட்டால், இணைப்பு சுருக்கப்படாமலே போகும். ‘நேத்து நல்லா ஓடுச்சு, இன்னிக்கு இழுக்குது’ என்ற புகார் வந்தால் நெட்வொர்க் பொறியாளர் பார்க்க வேண்டிய இடங்களில் இது ஒன்று. பாஸ்-த்ரூ என்று இருப்பது மட்டும் கோளாறு இல்லை. ஏன் பாஸ்-த்ரூ என்பதே கேள்வி.

‘ஃபார்வர்டட்’ என்றும் ஒரு வகை காட்டும். ஒரே அலுவலகத்தில் இரண்டு கருவி இருந்து, ஒன்றுக்கு வர வேண்டிய பொட்டலம் மற்றதிடம் வந்தால், அது பக்கத்துக்குத் தள்ளிவிடும். அவ்வளவுதான்.

மீதி இரண்டு நிலைகள் நமக்கு நேரடியாக உதவும். டி.சி.பி. முறையில் ஒரு இணைப்பு தொடங்க மூன்று படி: இங்கிருந்து ‘பேசலாமா?’, அங்கிருந்து ‘பேசலாம், கேட்குதா?’, இங்கிருந்து ‘கேட்குது’. இந்த மூன்றும் முடியாமல் பாதியில் நின்றால் ‘பாதி திறந்த’ இணைப்பு. பக்கமே வரவில்லை, வெள்ளைத் திரை மட்டும் என்றால் இந்த நிலையாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் விவரம் எதுவும் இன்னும் போகவில்லை. தாராளமாக மறுபடி முயலலாம்.

‘பாதி மூடிய’ இணைப்பு வேறு. ஒரு பக்கம் ‘நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்’ என்று முடித்துவிட்டது. மறுபக்கம் இன்னும் பேசலாம். ‘சமர்ப்பி’ அழுத்திய பிறகு சுத்தும் வட்டம் எல்லாமே தொழில்நுட்பப்படி இந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் இணைப்பு முழுதாகத் திறந்தே இருக்கும். ஆனால் உங்கள் நிலைமை இதேதான்: நீங்க சொல்லி முடிச்சாச்சு, பதில் வரலை. சர்வர் வேலையை முடித்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். இப்போது மறுபடி அழுத்தினால் அது இன்னொரு விண்ணப்பம். முதலில் வெளியே வந்து, மறுபடி உள்நுழைந்து, உங்கள் விண்ணப்பப் பட்டியலில் எண் விழுந்திருக்கிறதா என்று பாருங்க. விழுந்திருந்தால் அதன் நிலையைத் தொடருங்க. கட்டணம் பாக்கி என்று காட்டினால் அதற்கு மட்டும் செலுத்துங்க.

பணம் போய் எண் வராமல் இருந்தாலும் பதற வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி, யுபிஐ மூலம் கடைக்கோ சேவைக்கோ கட்டிய பணம் கழிக்கப்பட்டு, பெறுபவருக்கு உறுதிப்படுத்தல் கிடைக்காவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு. வங்கிக் குறுஞ்செய்தியை அழிக்காதீங்க; அதில் உள்ள பரிவர்த்தனை எண் வேண்டியிருக்கும்.

உங்கள் போனின் மொபைல் டேட்டாவுக்கு இந்த ஜோடிக் கருவி எதுவும் துணைக்கு வராது. அந்தத் துணை இருப்பது, ஒரு அலுவலகத்தையும் அதன் தரவு மையத்தையும் இணைக்கும் தனி லைனில்தான். அதனால் போனில் ஓடாதது மையத்தின் கம்ப்யூட்டரில் ஓடலாம். அங்கே நிற்பது உங்கள் போனில் ஓடலாம். மையத்தில் ‘சர்வர் ஸ்லோ’ என்றால் அதே போர்ட்டலை உங்கள் போனில் திறந்து பாருங்க. இங்கே உடனே வந்தால் சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது, மையத்தின் லைனில்தான் சிக்கல். ஊழியரிடம் அதை அப்படியே சொன்னால், புகார் தெரிவிக்கும்போது அவருக்கும் உதவும். படங்களைச் சுருக்கி, எண் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்க. முடிந்தால் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே.