பேசும் ஏடு

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது நம் நாட்டுப் பழமொழி. இதனைக் கேட்போருட் சிலர், எழுத்தறிவே பயனற்றது எனப் பிழைபடக் கருதுவர். தொழில் செய்வாரை அணுகாமல் தனித்துக் கிடக்கும் ஏடே பயனற்ற ஏடாகும். தொழில் செய்வோர் அதனைப் படிக்கவும், ஐயம் வினவவும், தாம் கண்டதை அதில் சேர்க்கவும் இயலுமாயின், அவ்வேடு உயிர்பெற்றுப் பேசத் தொடங்கும். இவ்வுண்மையைச் சிவகாசிப் பட்டாசுத் தொழிலைக் கொண்டு ஆராய்வோம்.

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகள் மழைவளம் குறைந்தவை. 1920-களின் தொடக்கத்தில், சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் உறவினர் இருவர் கல்கத்தா சென்று, தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று மீண்டனர். அவர்கள் கொணர்ந்த அறிவு ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குப் பரவியது. தீப்பெட்டித் தொழிலை அடுத்துப் பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் அங்கே தழைத்தன. ஓர் ஊர் அறிவைப் பகிர்ந்துகொண்டு வாழ்வு பெற்றமைக்குச் சிவகாசி நல்லதொரு சான்றாகும்.

பட்டாசுத் தொழிலில் சிற்றறியாமையும் பெருங்கேடு விளைக்கும். குளோரேட்டு உப்பும் கந்தகமும் கலந்த மருந்து சிறிய உராய்விலும் தீப்பற்றும். ஆதலின் அக்கலவை நம் நாட்டில் தடை செய்யப்பெற்றது. அலுமினியத்தூள் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானே வெப்பமுறும். நைலான் ஆடையின் உராய்வில் தோன்றும் மின்பொறியும் மருந்தைப் பற்றவைக்கும். சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் நிகழ்ந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவி செய்ய விரைந்தோரும் அவருள் அடங்குவர் என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் கலங்குகிறது.

இத்தகைய தொழிலுக்கு விதிகள் இல்லாமல் இல்லை. 1884-இல் வெடிபொருள் சட்டம் இயற்றப்பெற்றது. அதன்கீழ் 2008-இல் விரிவான விதிகள் வகுக்கப்பெற்றன. ஆயினும், விதிநூல் அலுவலக அலமாரியில் இருக்கும்; அன்றி, கணினியின் உள்ளே கோப்பாக இருக்கும். மருந்தோ தொழிலாளியின் கையில் இருக்கும். நேற்று எஞ்சிய மருந்து இன்று காலை வெதுவெதுப்பாக இருப்பதை ஒரு தொழிலாளி காண்கிறார் எனக் கொள்வோம். அவர் உடனே விலகி, மேற்பார்வையாளரிடம் கூறுவார். அச்செய்தி வாய்மொழியாகவே நின்றுவிடின், அடுத்த மாதம் வேறோர் அறையில் பணிபுரிவார்க்கு அஃது எவ்வாறு எட்டும்?

இவ்வினாவிற்கு விடைகண்ட நிறுவனம் ஒன்று உண்டு. நாம் படியெடுத்தலையே ‘ஜெராக்ஸ்’ என வழங்குகிறோம். உண்மையில் அஃது ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பெயர். அந்நிறுவனத்தில், பழுதுபார்ப்போருக்கெனக் கையேடுகள் பல இருந்தன. ஜூலியன் ஆர் என்னும் மானிடவியல் அறிஞர் அத்தொழிலாளரோடு உடனிருந்து நோக்கினார். கையேட்டில் காணாத பழுதுகளை அவர்கள் உணவு வேளைகளில் ஒருவரோடொருவர் உரையாடியே தீர்த்துக்கொண்டனர் என்பதைக் கண்டறிந்தார். பின்னர், 1990-களில், ‘யுரேகா’ என்னும் கணினி ஏற்பாடு பிரான்சு நாட்டில் தொடங்கப்பெற்றது. தொழிலாளர் தாம் கண்ட தீர்வை அதில் எழுதினர். துறை வல்லுநர் அதனைச் சரிபார்த்தனர். பின்பு அது யாவர்க்கும் வழங்கப்பெற்றது. எழுதினோர் பொற்பரிசை நாடவில்லை; குறிப்பின்கீழ்த் தம் பெயர் நிற்பதையே பெருமையாகக் கொண்டனர்.

1995-இல் வார்டு கன்னிங்காம் என்னும் அமெரிக்கர், நிரலாளர்கள் தம் தொழிலறிவைக் கூடி எழுதுதற்கென ‘விக்கி’ என்னும் முறையை அமைத்தார். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இம்முறையிலேயே இயங்குகிறது. அதன் ஒவ்வொரு கட்டுரைக்கும் உரையாடற் பக்கம் ஒன்றும், யார் எப்பொழுது எதை மாற்றினர் எனக் காட்டும் வரலாற்றுப் பக்கம் ஒன்றும் உண்டு.

தமிழர்க்கு இந்நெறி பழையதே. நம் உரையாசிரியர் முன்னோர் உரையை எடுத்துக்காட்டி, ஏற்பன ஏற்று, மறுப்பன மறுத்தனர். உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கியே 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஓர் ஏட்டில் சிதைந்த இடத்தை மற்றோர் ஏடு விளக்கியது.

இந்நாளில் சமூக வலைத்தளங்களில் மக்கள் செய்தி பகிர்கின்றனர், வினவுகின்றனர், மறுமொழி தருகின்றனர். இவ்வசதிகளைத் தொழிற்சாலையின் ஆவணக் களஞ்சியத்தோடு இணைத்தல் வேண்டும். ஒவ்வொரு விதியின்கீழும் வினா எழுத இடம் இருத்தல் வேண்டும். விடையளித்தவர் பெயர் நிற்றல் வேண்டும். புதிய எச்சரிக்கை உரியவர்க்கெல்லாம் அன்றே எட்டுதல் வேண்டும். எழுதப் பழகாதோர் தம் குரலைப் பதிவு செய்யவும் வழி இருத்தல் வேண்டும்.

இதில் கருதத்தக்க காவல்கள் மூன்று உள. பலர் விரும்பினர் என்பதனால் பிழை மெய்யாகாது. ஆதலின், வல்லுநர் ஆராய்ந்து ஒப்பாத குறிப்பை எவரும் பின்பற்றலாகாது. கைப்பேசியை மருந்து அறைக்குள் கொண்டு செல்லலாகாது. படித்தலும் பதிதலும் பாதுகாப்பான வெளியிடத்திலேயே நிகழ்தல் வேண்டும். மூன்றாவது காவல் இவ்விரண்டினும் தலையாயது. குறையை எடுத்துரைத்த தொழிலாளிக்கு அதனால் வேலையிழப்போ கூலியிழப்போ நேர்தல் கூடாது. அச்சம் வாயை அடைக்கும். வாய் அடைபட்ட இடத்தில் எத்துணை நுட்பமான பொறியும் ஊமையே.

மாணவர்களே! நீங்கள் கொளுத்தும் மத்தாப்பின் ஒளிக்குப் பின்னே ஒருவருடைய விரல்கள் உள்ளன. அவ்விரல்கள் அறிந்ததை ஏடு அறிதல் வேண்டும். ஏடு அறிந்தது அவ்விரல்களுக்கு எட்டுதல் வேண்டும். நாளை நீங்கள் எத்தொழிலை மேற்கொள்ளினும், கற்றதை மறையாது பிறர்க்கு உரையுங்கள். உடன் உழைப்போர் உரைப்பதைச் செவிகொடுத்துக் கேளுங்கள். அதனால் ஓர் உயிர் காக்கப்படுமாயின், அதனினும் சிறந்த கல்விப்பயன் வேறு யாது?