ஆறப் பொறுத்தல்: வீட்டில் தயாரிக்கும் பீரும் இரண்டாம் நொதிப்பும்

"ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை" என்பார்கள். அதன் பொருளை உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிய ஓர் இரவில்தான் நான் உணர்ந்தேன்.

சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியோர் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் பீர் தயாரிக்கச் சட்டம் 2004 முதல் இடமளிக்கிறது. ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் உச்சவரம்பு, விற்கக் கூடாது. வேதியியல் மாணவனான நானும் 20 லிட்டர் தயாரித்தேன். ஐந்தாம் நாள் குமிழிகள் அடங்கின. ஒப்படர்த்தி 1.018 காட்டியது. நொதிப்பு முடிந்தது என்று முடிவு கட்டி, லிட்டருக்கு 7 கிராம் சர்க்கரை சேர்த்துப் போத்தல்களில் அடைத்தேன். மூன்றாம் வாரம், நள்ளிரவில், சமையலறை அலமாரியில் மூன்று போத்தல்கள் வெடித்தன. அன்று மாலைதான் என் தம்பி அதே அலமாரியில் பிஸ்கட் தேடியிருந்தான்.

"மாவு பொங்கும்னு மூடியைத் தளர்த்தி வைக்கிறேனே, அதுகூடவா நீ பார்த்ததில்ல?" என்றார் அம்மா.

தவறு எங்கே?

எஞ்சிய போத்தல்களைக் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து குளிரூட்டி, அழுத்தம் தணிந்த பிறகு திறந்தேன். வாயு நீக்கி அளந்தபோது ஒப்படர்த்தி 1.010. ஒப்படர்த்தி 0.001 குறைய லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம் சர்க்கரை செரிக்கப்பட வேண்டும். ஆக, நான் சேர்த்த 7 கிராமுக்கு மேல் இன்னும் 16 கிராம் போத்தலுக்குள்ளேயே நொதித்திருக்கிறது! 4 கிராம் சர்க்கரை, ஒரு லிட்டர் பீரில் ஏறத்தாழ ஒரு லிட்டர் கரியமில வாயுவை உண்டாக்கும். கண்ணாடி எப்படித் தாங்கும்?

குமிழி அடங்கினால் நொதிப்பின் வேகம் குறைந்தது என்றே பொருள். முடிந்தது என்று பொருளல்ல. மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்டினால்தான் முடிந்தது.

காத்திருப்பில் நடப்பது என்ன?

முதல் நொதிப்பில் ஈஸ்ட் சாராயத்தோடு வேண்டாத சில பொருள்களையும் வெளியிடுகிறது. டையசெட்டில் வெண்ணெய் வாசம் தரும். அசிட்டால்டிஹைடு பச்சை ஆப்பிள் வாசம் தரும். சர்க்கரை தீர்ந்ததும் அதே ஈஸ்ட் இவற்றை மீண்டும் உட்கொண்டு மாற்றிவிடுகிறது. எனவே மொத்தம் இரண்டு வாரமாவது பீரை ஈஸ்டோடு விட்டுவைக்க வேண்டும்.

பிறகு சர்க்கரையைச் சிறிது நீரில் கொதிக்கவைத்து ஆற்றி, பீரோடு சிதறாமல் கலக்க வேண்டும். சிதறினால் ஆக்சிஜன் புகுந்து, நாளடைவில் நனைந்த அட்டையின் வாசம் வரும். போத்தல்களை மூடியுள்ள பெட்டியில், வெளிச்சம் படாமல், அறை வெப்பத்தில் இரண்டு வாரம் வைத்தால் வாயு சேரும். அதன்பின் அவற்றின் இடம் குளிர்பதனப் பெட்டி. நம் ஊர் வெப்பத்தில் பீர் விரைவில் கெடும்.

குளிரில் முதிரவைப்பது புதிய வழக்கமன்று. 1553இல் பவேரியாவில் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் தயாரிப்பதற்குத் தடை விதிக்கப்பட்டது. குளிர்காலத்தில் தயாரித்ததைக் குளிர்ந்த நிலவறைகளில் கோடைக்காகச் சேமித்தார்கள். 'லாகர்' என்ற பெயரே சேமித்தலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

ஆனால், எல்லாப் பீரும் வைக்க வைக்க மேம்படும் என்று எண்ண வேண்டாம். ஹாப்ஸ் மணம் மிகுந்தவற்றைச் சில வாரங்களில் அருந்துவதே நல்லது. சாராயம் மிகுந்த கருநிற ஸ்டவுட் போன்றவையே ஓராண்டுக் காத்திருப்புக்குத் தகுந்தவை.

அடுத்த முறை நான் ஒப்படர்த்தியை மூன்று நாளும் அளந்து குறிப்பேட்டில் எழுதினேன். மூன்றும் 1.010. அதைக் காட்டிய பிறகே அம்மா அலமாரியில் இடம் கொடுத்தார், அதுவும் தம்பிக்கு எட்டாத மேல்தட்டில்.