சைக்கிள் பஞ்சருக்கு ஒரு முன்காப்பு



அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பிளஸ் 1 படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் தருகிறது. 2001-02-ல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம் இது. ஆனால் நம் பக்கத்துக் காலி மனைகளில் மண்டியுள்ள சீமைக்கருவேல முள் ஒன்று குத்தினால் போதும். பரீட்சை நாளிலும் பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

இதற்கு டியூப் சீலன்ட் என்ற திரவம் உதவும். அதில் மெல்லிய நார்த்துகள்கள் கலந்திருக்கும். டியூபில் துளை விழுந்ததும், வெளியேறும் காற்றோடு வந்து துளையை அடைத்துக்கொள்ளும்.

ஊற்றும் முறை:

1. வால்வு மேலே இருக்குமாறு சக்கரத்தை நிறுத்தி, காற்றை இறக்கி, வால்வு ஊசியைக் கழற்றுங்கள்.

2. பாட்டிலை நன்கு குலுக்கி, அதில் குறிப்பிட்ட அளவை ஊற்றுங்கள். சாதாரண சைக்கிளில் சக்கரத்துக்குச் சுமார் 100 மில்லி தேவைப்படும்.

3. வால்வைத் துடைத்து மாட்டி, காற்றடித்து, சிறிது தூரம் ஓட்டுங்கள். திரவம் எங்கும் பரவிவிடும்.

முள் ஏற்கெனவே குத்தியிருந்தால், அதைப் பிடுங்கிவிட்டுத் துளை கீழே இருக்குமாறு சக்கரத்தைச் சற்று நேரம் நிறுத்துங்கள்.

டியூப் கிழிந்திருந்தாலோ, வால்வின் அடி பிய்ந்திருந்தாலோ இது பயன்படாது. பஞ்சர் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே சீலன்ட் ஊற்றியதைச் சொல்லிவிடுங்கள். துடைத்துக் காயவைத்தால்தான் ஒட்டு பிடிக்கும். தேய்ந்த டயரை முதலில் மாற்றுங்கள். வெயிலில் திரவம் காய்ந்துவிடும் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போடுவதும் தர்மமே. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.