கங்காணிக்கு எத்தனை எழுத்து?

கமுந்திங்

அன்புத் தம்பிக்கு,

தோட்டப்புற ஆவணப்படத்துக்காகப் பழைய நாளிதழ்களில் தேடியும் கங்காணியைப் பற்றி அதிகம் அகப்படவில்லை என்று எழுதியிருந்தாய். ஆங்கிலத்தில் எப்படி எழுத்துக்கூட்டினாய்? கடைசியில் 'ஐ' போட்டிருப்பாய். மலாயாவில் பெரும்பாலும் 'ஒய்' போட்டுத்தான் முடித்தார்கள். பன்மை வந்தால் அந்த 'ஒய்'யும் உதிர்ந்து 'ஐ, ஈ, எஸ்' ஆகிவிடும். கணினிக்கு அது வேறு சொல். மூன்றையும் தட்டிப் பார். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பில் மை மங்கிய பக்கங்களை இயந்திரம் தப்பாகவும் படித்திருக்கும். ஆகவே பக்கத்துச் சொற்களையும் போட்டுத் தேடு. 'கூலி'க்கும் இதே வம்புதான். 'ஐ, ஈ' என்று முடிவதும் உண்டு, 'ஒய்' என்று முடிவதும் உண்டு. 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி 'ஒய்' பக்கம். குஜராத்தின் கோலி மக்களிடமிருந்து வந்ததா, நம் தமிழ்க் கூலியிலிருந்து வந்ததா என்று அங்கே ஒரு வழக்கே நடக்கும். பொழுதுபோகாத நாளில் படி.

எழுத்துக்கூட்டலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம், அவன் செய்த வேலையைக் கண்டுபிடிக்க முடியாது. நீ அனுப்பிய வெட்டில் எனக்கு இடிப்பது அதுதான். ஊருக்குப் போய்ச் சொந்தபந்தத்தைத் திரட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிய கங்காணி ஒருவன். 1938-இல் இந்திய அரசு, மலாயாவுக்கான உதவிபெற்ற கூலிக் குடியேற்றத்தைத் தடை செய்ததும் அந்த வேலை போயிற்று. காட்டில் ஆள் மேய்த்த கங்காணியோ அதற்குப் பிறகும் இருந்தான். இங்குள்ள பெரியவர்கள் 'எங்க கங்காணி' என்று சொன்னால் அனேகமாக இரண்டாமவனைத்தான் சொல்கிறார்கள். நீ அவர்கள் குரலுக்கு மேல் கப்பல் படத்தை ஓட்டியிருக்கிறாய்!

மொழிபெயர்ப்பு வரியில் 'சூப்பர்வைசர்' என்றும் போட்டுவிடாதே. சூப்பர்வைசருக்குச் சம்பளம் மட்டும். கங்காணிக்கோ அன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ, தலைக்கு இவ்வளவு என்று காசு உண்டு. விடியற்காலை இருட்டில், பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) முன்னால், காய்ச்சல்காரன் லயத்துக் கதவையும் அவன் ஏன் தட்டினான் என்பது அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஆவணத்தைத் திரையில் காட்டும்போது அதில் உள்ள எழுத்தை அப்படியே விடு, 'ஒய்'யை 'ஐ' ஆக்காதே. உன் வரியில் 'கங்காணி' என்றே போடு. விளக்கம் வேண்டுமென்றால் அந்தத் தலைக்காசைச் சொல்.

அடுத்த வெட்டை அனுப்பு, பார்க்கிறேன்.

அண்ணன்