நம்பிக்கையும் ஒரு முதல்

வணிகத்துக்குப் பணம், சரக்கு, இடம் மூன்றும் வேண்டுமென்பதை நாம் அறிவோம். நான்காவதாக ஒன்று உண்டு. அது ஐந்தொகையில் ஏறுவதில்லை.

இத்தாலி நாட்டைப் பார்ப்போம். 1970-இல் அங்கே 15 வட்டாரங்களில் புதிய வட்டார அரசுகள் அமைந்தன. சட்டமும் அதிகாரமும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஆயினும் வடக்கே எமிலியா-ரோமாஞாவில் நிர்வாகம் சிறந்தது. தெற்கே கலாப்ரியாவில் தடுமாறியது. சுமார் 20 ஆண்டுகள் இதை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் புட்னம், 1993-இல் வெளியிட்ட நூலில் காரணம் கூறினார். வடக்கில் கூட்டுறவு, பரஸ்பர உதவிச் சங்கம் எனக் கூடி இயங்கும் பழக்கம் வேரூன்றியிருந்தது. தெற்கிலோ எந்தக் காரியத்துக்கும் பெரிய மனிதர் ஒருவரின் தயவை நாட வேண்டியிருந்தது.

இது வணிகத்தில் எப்படிப் பலித்தது? எமிலியா-ரோமாஞாவில் போதிய ஈடு காட்ட இயலாத சிறு தொழில் செய்வோர் சங்கமாகச் சேர்ந்து, பொது நிதி திரட்டி, உறுப்பினரின் வங்கிக் கடனுக்குப் பிணை நின்றனர். ஒருவர் தவறினால் எல்லோருக்கும் நட்டம். ஆகவே நாணயமானவர் யாரென்பதைச் சங்கமே பார்த்துக்கொண்டது. வங்கிக்குத் தெரியாதது பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியுமல்லவா?

தெற்கின் வறுமைக்கு நிலவுடைமை, பழைய ஆட்சிமுறை முதலிய காரணங்களும் உண்டென்பர் வேறு அறிஞர். எப்படியாயினும், இன்றும் தெற்கின் தலா உற்பத்தி, மற்றப் பகுதிகளின் உற்பத்தியில் பாதியைச் சற்றே தாண்டி நிற்கிறது.

நாம் கொள்ள வேண்டிய பாடம் இதுதான்: சொன்ன தவணையில் பணம் கட்டுவதும், சங்கக் கூட்டத்துக்குத் தவறாது வருவதும் செலவல்ல; முதலீடு.